நாய்க்கு வலிக்காத கால்

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் அத்தானுக்கு இடது முழங்கால் பழுது. பனிமலையில் காவல் பணியின்போது விழுந்ததில் வந்தது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டுச் சென்னைக்குப் போய் மெடிக்கல் போர்டு முன்னால் நின்றார். எதிரே இருந்த அதிகாரியின் தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்ததும் காலைத் தட்டி விறைத்து, "ஜெய்ஹிந்த் சார்!" என்றிருக்கிறார். "வலி இருக்கா?" என்று கேட்டதற்கு, கூரை அதிர "நோ சார்!"

மனு தள்ளுபடி.

மேல்முறையீடு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் என்னை எழுத்தாளன் என்று மதிக்கும் ஒரே ஆள் அக்காதான். அவள் என் புத்தகம் எதையும் படித்ததில்லை. மதிப்பு கெடாமல் இருப்பது அதனால்தான்.

"எங்க வலிக்குது, எப்பப்ப வலிக்குது, சொல்லுங்க அத்தான்."

"ஒண்ணுமில்ல மாப்ள. செத்த நேரம் நின்னா ஒரு மாதிரி இருக்கும். அம்புட்டுத்தான்."

'ஒரு மாதிரி'க்கு எந்தச் சர்க்காரும் பென்ஷன் தராது. மூன்று வாரம் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

அவருக்கோ வேறு வேலை இருந்தது. செம்பட்டி ரோட்டில் லோடு வண்டி மோதி, வீட்டு நாய்க்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அத்தான் பிவிசி குழாயை அறுத்து, குழந்தைகள் சைக்கிளின் பக்கச் சக்கரங்களை மாட்டி, பட்டாளத்து பெல்ட்டில் நாயின் இடுப்பைத் தாங்க வைத்து ஒரு வண்டி செய்தார். மாட்டிவிட்ட நிமிடமே நாய் தயிர்க்காரரின் மொபெட்டை விரட்டியது. தெருவே கைதட்டியது. மூன்றாம் நாள் பெல்ட் உரசி இடுப்பில் புண். அளவெடுத்தது நான்.

அக்காவும் நாங்களும் நாயைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். புண்ணுக்கு மருந்து தடவியபடி டாக்டரம்மா கேட்டார்: "வேற ஏதும் தொந்தரவு இருக்கா?"

அத்தான் ஆரம்பித்தார். "மழைக்கு முந்தின நாளே பின்னங்கால் குடையுதும்மா. படி ஏறிரும், எறங்குறப்பத்தான் உசுரு போகும். விடியக்காலைல மடக்குன கால நீட்ட அரை மணி நேரம் ஆகும். யார்ட்டயும் காட்டிக்கிடாது, பாவம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "இதுக்குப் பின்னங்கால்ல உணர்ச்சியே கிடையாதே! கிள்ளினாக்கூடத் தெரியாது. நீங்க யாரோட காலைச் சொல்றீங்க?"

அத்தான் சுவரிலிருந்த கோழித் தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார். அக்கா என் விலாவில் இடித்தாள். "ஏலே, பாத்துக்கிட்டு நிக்கிற, எழுதுடா! இம்புட்டு வருசமா எங்கிட்டகூடச் சொல்லாத மனுசன்!"

நாயின் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் எழுதினேன். நான் எழுதியதிலேயே தேறியது அதுதான். அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது போர்டுக்குத் துணையாகப் போனேன். மனுவில் எல்லாம் இருந்தது; ஆனால் டாக்டர் நேரில் கேட்டால் வாய் என்ன சொல்லும்? கதவு மூடியதும் உள்ளே கால் தட்டும் சத்தமும் "ஜெய்ஹிந்த் சார்!" என்ற குரலும் கேட்டன. தலையில் கைவைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்ன அத்தான் சொன்னீங்க?"

"'ஒக்காந்துக்கிடலாமா சார்'னு கேட்டேன் மாப்ள. அந்த அதிகாரியே எந்திரிச்சு நாற்காலிய இழுத்துப் போட்டாரு."

"பெறகு?"

"ஒக்காந்து அம்புட்டையும் சொன்னேன். அவுகதான் போதும்னுட்டாக."

திரும்பும் ரயிலில், விட்ட இடத்திலிருந்து என்னிடம் தொடர்ந்தார். ஊர் நெருங்கி, வடமதுரை தாண்டியும் முழங்காலைத் தாண்டவில்லை. பென்ஷன் உத்தரவு போன மாதம் வந்துவிட்டது. அவர் இன்னும் நிறுத்தவில்லை.