நாற்பதில் வரும் சத்தம்

"அமுக்கு... விடு... அமுக்கு... இப்ப விடு. கேட்டுச்சா?"

பின் சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்த மனைவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் இன்னும் இரண்டு சுற்று. கேட்டது என்று சொன்னால் எங்கிருந்து, எப்படி என்று குறுக்கு விசாரணை. கார் வாங்கிய மூன்று வருட அனுபவத்தில் அவள் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"கேட்ட மாதிரிதாங்க இருந்துச்சு."

"மாதிரின்னா?"

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் குண்டும் குழியுமான சாலையில் கார் மூன்றாவது கியரில், சரியாக நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தெட்டில் அந்தச் சத்தம் வராது. நாற்பத்திரண்டில் வந்தாலும் வேறு சத்தங்களோடு கலந்துவிடும். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய், எதிர்ப்பக்கம் ஏறி, எதையோ திட்டிவிட்டுக் கடந்து போனார். அது காரை ஓட்டிய கணவர் காதில் விழவில்லை. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத சத்தம்.

தெருவில் இவருக்கு 'டாக்டர்' என்று பெயர். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையைக் காரின் உடம்பெங்கும் வைத்துப் பார்ப்பதைக் கண்ட யாரோ வைத்த பெயர். கேலி என்பது தெருவுக்கே தெரியும், இவரைத் தவிர. "டாக்டர் சௌக்கியமா?" என்று யாராவது கேட்டால், நிஜமாகவே நாலு பேர் உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்த களைப்போடு தலையை அசைப்பார். மெக்கானிக் கடைப் பையன்களோ இவர் காரைத் தூரத்தில் பார்த்ததுமே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள்.

உத்தியோகம், குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. எட்டு நாளாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று ஒருவர் மேஜையைத் தட்டி இருபது நிமிடம் கத்தினாலும், "எழுதிக் குடுங்க" என்ற இரண்டு சொற்களைத் தவிர இவரிடமிருந்து எதுவும் பெயராது. ஒருமுறை ஓர் அம்மாள் அழுதுகொண்டே பேசும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றார். நம் குறை மேலிடத்துக்குக் கேட்டுவிட்டது என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் மேலே பார்த்துச் சொன்னார்: "அந்த ஃபேன்ல ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு."

இத்தனை நுட்பமான காது படைத்தவர், தானும் கொஞ்சம் அடங்கிய பேர்வழியாக இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் இவர் காலையில் வாய் கொப்பளித்தால் மூன்றாவது வீட்டுக் கைக்குழந்தை எழுந்து அழும். போனில் பேசினால், எதிர்முனையில் இருப்பவர் அதே ஊர்க்காரராக இருக்கும் பட்சத்தில் போனே தேவையில்லை. தொலைக்காட்சிச் செய்தி தெருவுக்கே பொது. நாற்காலியை இழுக்காமல் உட்கார்ந்ததே கிடையாது. மகள் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு, "அப்பா, சத்தம் வராம இருக்க காருக்கு ஒட்டற மேட்டை உங்களுக்கும் ஒட்டினா என்ன?" என்று கேட்டாள். ஆறு வயதுக்கு அது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அம்மா அவளைக் கண்டிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் காரை வெளியே எடுக்கும்போது, பல் விளக்கிக்கொண்டிருந்த இவர் நுரையோடு ஓடிப்போய் மறித்து, "பின்சக்கரத்துல நட் லூஸ்" என்றார். பார்த்தால், லூஸ்தான். அன்றோடு இவரைத் திருத்தும் வாய்ப்பு அடியோடு போயிற்று.

மனைவிக்கு இந்தச் சத்த விவகாரத்தில் ஒரு அக்கறை உண்டு. மகள் பிறப்பதற்கு முன் அவள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு, ஊர்க்கோடியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். கார் ஓட்ட அவளிடம் லைசென்ஸ் இருந்தது. முதல் தடவையிலேயே வாங்கியது. டாக்டர் மூன்றாம் தடவையில் வாங்கியவர் என்பதை வீட்டில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

"சத்தம் மட்டும் நிக்கட்டும். சாவிய உன் கையில குடுத்துடறேன்" என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். "இப்படியே அனுப்பினா என் மானம்தான் போகும். யாரு வண்டின்னு கேப்பான்ல?"

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை தவணை கொடுத்தார்கள். தவணை முடிகிற திங்கட்கிழமை வராவிட்டால், பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லியும் விட்டார்கள்.

சத்தம் நிற்பதற்கு வைத்தியம், ஒருபக்கம் வெள்ளித்தாளும் மறுபக்கம் தார் போன்ற பசையுமாக இருக்கும் கனமான மேட். காரின் தகரத்தில் அதை ஒட்டினால் தகரம் அதிராது. சீட் கவர் கடைக்காரர் சுருட்டிக் கொடுக்கும்போதே சொன்னார்:

"சார், கதவுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். அதை மட்டும் மூடிடாதீங்க. கண்ணாடி வழியா எறங்குற மழைத்தண்ணி அது வழியாத்தான் வெளிய போகணும்."

டாக்டர் புன்னகைத்தார். விஷயம் தெரிந்தவர், தெரியாதவரைப் பார்த்துப் புன்னகைக்கும் வகை. "காத்து எது வழியா வருதோ, சத்தமும் அது வழியாத்தாங்க வரும்."

கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். அவருக்கு வியாபாரம் தெரியும்.

இரண்டு வாரம் கார் சீட்டுகள் கூடத்தில் கிடந்தன. மகள் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பசை இளகுவதற்கு மனைவியின் தலை உலர்த்தும் மெஷின் போயிற்று. திரும்பி வந்தபோது அதில் ரோடு போடும் வாசனை வந்தது. கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். எல்லாம் பூட்டி முடித்தபோது ஆறு மிச்சம்.

"இது எங்க போகணுங்க?" என்று கேட்டாள்.

"கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருக்கான்."

கதவுகள் இப்போது தலையணை விழுவது போல 'தொப்'பென்று சாத்தின. எதிர்வீட்டார், பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சாத்திக் காட்டினார். மனைவி சாவிக்காகக் கை நீட்டினாள். ஆனால் பெரிய சத்தங்கள் ஒழிந்ததும், அதுவரை வாயைத் திறக்காத சின்னச் சத்தங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. கடிகாரம் கேட்டது. அவள் வளையல் கேட்டது, கழற்றச் சொன்னார். அதற்கும் பிறகு, நாற்பதில் மட்டும் வரும் அந்தச் சத்தம் புதிதாகக் கேட்டது; கிடங்குச் சாலையில் அவள் பலகையை அமுக்கி அமுக்கி விட்டது இதற்காகத்தான். முட்டை அட்டையில் கிடந்த ஆறு திருகாணிகளுக்கும் அந்தச் சத்தத்துக்கும் ஏதாவது உறவு இருக்குமோ என்று அவள் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "உனக்குத் தெரியாத விஷயத்துல தலையிடாத" என்று பதில் வந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் விடாத மழை. ஞாயிறு மதியம் வெறித்ததும் டாக்டர் காரை வெளியே எடுத்தார். பக்கத்தில் மனைவி. தெருமுனை திரும்பும்போது 'களக்' என்றது. பிரேக் போட்டால் 'களக் களக்'. வீட்டு வாசலுக்கே திருப்பி நிறுத்தி, குழாயைக் காதில் செருகி, பானெட்டிலிருந்து டிக்கி வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். முகத்தில் கவலையை விட உற்சாகம்தான் கூடுதலாகத் தெரிந்தது.

"வயித்துல கோளாறு. பெட்ரோல் டேங்க்கா இருக்கலாம். நாளைக்கு வண்டி வெளிய போகாது. அப்சர்வேஷன்ல வெக்கணும்."

"நாளைக்குத் திங்கக்கிழமைங்க. நான் போகலைன்னா அந்த வேலை போயிடும்."

"வேலை என்னம்மா, நூறு வேலை வரும். இந்தச் சத்தத்தை இப்ப விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது."

அவள் இடதுபக்க முன்கதவைத் திறந்து, இரண்டு விரலால் பிடித்து, இப்படி ஒருமுறை அப்படி ஒருமுறை மெதுவாக ஆட்டினாள். ஒரு காலத்தில் நாளெல்லாம் கண்ணாடிக் குழாய்களை ஆட்டிப் பார்த்த கை.

"டேங்க் இல்லீங்க. கதவுக்குள்ள தண்ணி நிக்குது."

"கதவுக்குள்ள எவனாவது போய்த் தண்ணி ஊத்துவானா?"

"ஓட்டைய மூடாதீங்கன்னு கடைக்காரர் சொன்னாரே."

"அவன் கிடக்கான்."

உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவின் அடிவிளிம்பைத் தடவி, ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கீழிருந்து மேலாகக் குத்தினாள். இரண்டு நாள் மழையும் துரு நிறத்தில் டாக்டரின் பாதங்களில் கொட்டியது. அவர் காலை எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவள் அடுத்த கதவுக்குப் போனாள், அதற்கடுத்ததற்குப் போனாள். நான்காவது கதவும் காலியானபோது, நனைந்த செருப்போடு டாக்டர் சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும். நீ கண்டுபிடிக்கிறியான்னு சும்மா பாத்தேன்."

அவள் அடுப்படியில் இருந்தபோது, கூடத்திலிருந்து அவர் யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருந்தது முழுவதும் கேட்டது. அந்த விளக்கத்தில் ஸ்க்ரூடிரைவர் அவர் கையில் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் ஆணியில் தொங்கிய சாவியை, கேட்காமல், தானே எடுத்துக்கொண்டாள். டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"குழியில விடாத. டக்குனு பிரேக் போடாத. நாப்பதத் தாண்டாத... நாப்பதுலயும் போகாத."

"நேரத்துக்குப் போய்ச் சேரவாவது செய்யலாமா?"

அவர் அதை யோசிக்கிற மாதிரி நின்றார். அவள் நான்கு கண்ணாடிகளையும் கீழே இறக்கினாள். பால் வண்டி, காக்காய், எதிர்வீட்டு மோட்டார் எல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தன. "ஐயோ, ஏத்து, ஏத்து" என்று அவர் பதறுவதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போய், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். நடுத்தெருவில் நின்ற அவர் வலது கை உயர்ந்திருந்தது. முதல் நாள் வேலைக்குப் போகிறவளுக்குக் கையசைக்கிறார் என்று, தன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அவளும் ஆட்டினாள். அவர் கை அசையவில்லை. அது காதுக்குப் பின்னால் குவிந்திருந்தது; கண்ணை இறுக மூடி, தலையைச் சாய்த்து, கார் தெருமுனை திரும்பும் வரை அவர் அப்படியே நின்றார்.