பொன்மணியின் புறங்கை

"மொதல்ல குடிங்க, பெறகு பேசலாம்" என்று செம்பை நீட்டிவிட்டார் பொன்மணி. ஆலையைப் பார்க்க வந்த நான் இன்னும் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. செம்பில் பழைய சோற்று நீச்சத்தண்ணீர், உப்பு தூக்கல். முகம் சுளித்துக்கொண்டே குடித்து முடித்ததும் என் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "வேர்க்குது. சரி, வாங்க."

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. பயராபீஸ் என்பார்கள். சித்திரை வெயிலில் ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று தண்ணீர் கொடுப்பது பொன்மணியின் வேலை. வேலை என்றா சொன்னேன்? அதிகாரம். கழிவறை தூரம் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு திரி செருகும் பெண்களை அவர் விடுவதே இல்லை.

"போன செம்பே வயித்துக்குள்ள ஆடுதுக்கா" என்றாள் திரி செருகிக்கொண்டிருந்த ஸ்ரீமதி.

"ஆடட்டும் புள்ள. குடிக்காம நான் இங்கன இருந்து நகர மாட்டேன்."

அவள் பிடரியிலும் புறங்கை. வேர்வை நின்றுபோன உடம்பு கையில் பட்டால், ஆளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிவிடுவார். போர்மேன் கத்துவது காதிலேயே ஏறாது.

முன்பு பொன்மணியும் திரி செருகியவர்தான். கணவர் நாகையாவுக்கு வெளியே சிமெண்ட் மேடையில் பட்டாசு காயப்போடும் வேலை. ஒரு கோடை மத்தியானம் அவர் மயங்கிச் சாய்ந்தார். அடுக்கியிருந்த பலகைத் தட்டுகள் அவரோடு சடசடவென்று சரிந்தன. பயராபீஸில் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். எல்லாரும் ஓடினார்கள். பொன்மணியும் வெறுங்காலோடு ஓடி, வேலிக்கு வெளியே குப்புறப் படுத்தார். வெடிக்கும் என்று காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. அப்போதும் வெகுநேரம் உள்ளே போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

போய்ப் பார்த்தபோது நாகையா வெயிலில் அப்படியே கிடந்தார். உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"நெருப்புக்குத்தான் பயந்தோம். வெயிலுக்கு யாரு பயந்தா?" என்றார் பொன்மணி. செம்பைக் கழுவிக்கொண்டே, "ஒரு செம்புத் தண்ணி ஊத்தியிருந்தா எந்திருச்சிருப்பாகளோ என்னமோ. நான் வேலிக்கு அங்கிட்டுல்ல படுத்துக் கெடந்தேன்."

யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. நீங்கள் ஓடியது சரிதான் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "சரிதாங்க" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் வேன் ஏறப் போனார்கள். காய்ந்த சரக்கை அள்ளியாகிவிட்டது. நாகையா விழுந்த மேடை காலியாக இருந்தது. பொன்மணி மட்டும் குடத்தோடு அங்கே போய், மிச்சத் தண்ணீரை ஓர் ஓரத்தில் ஊற்றினார். சிமெண்ட் உடனே உறிஞ்சிக்கொண்டது. குனிந்து, அந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். பொன்மணி கையை எடுக்கவில்லை.