ஐந்திலிருந்து ஆறு வரை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பது அவள் வேலை. காலை ஏழிலிருந்து மூன்று வரை, குழாயில் தண்ணீர் வராத ஊரே அவள் காதுக்குள் வந்து கத்தும். மற்ற நேரத்தில் வாய் திறக்காததால், உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அவள் ‘ஊமைக்கோட்டான்’.

அந்த எட்டு மணி நேரத்தைத் தாங்க அவளுக்கு விடிகாலையில் ஒரு மணி நேரம் வேண்டும். ஐந்துக்கு எழுவாள். விளக்குப் போடமாட்டாள். தேநீரோடு சமையலறை ஜன்னலோரம் உட்காருவாள். எதிர்மாடியில் காயும் போர்வை சாம்பல் நிறத்திலிருந்து நீலமாகும். அவ்வளவுதான் நடக்கும்.

புருஷனோடு ஒத்துவராமல் அக்கா பெட்டியோடு வந்து சேர்ந்த மறுநாளே அது போயிற்று.

“இருட்டுல தனியா உக்காந்திருக்கியேடி, பாவம். என்னை எழுப்பினா என்ன?” என்று விளக்கைப் போட்டாள் அக்கா. அன்றிலிருந்து தினமும் ஐந்துக்கே எழுந்து பேசினாள். போக்கிடம் இல்லாமல் வந்தவளிடம் பேசாதே என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “என்னம்மா, லைன்ல ஆள் இருக்கான்னே தெரியலையாம். இன்னொரு தடவை இப்படிப் புகார் வந்தா நான் மேலே எழுதணும்.”

மறுநாள் காலை அக்கா, மாமா விட்டெறிந்த டம்ளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். “நேரா நெத்திக்குத்தான் குறி வெச்சாரு.”

“உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேங்க. ரெண்டு நாள்ல ஆள் வருவாங்க,” என்றாள் இவள்.

அக்கா குலுங்கிச் சிரித்தாள். “வந்து அவரைக் கழட்டி மாட்டுவாங்களாடி?”

இவள் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதல்ல என்பது அக்காவுக்கு மெல்ல உறைத்தது.

“நான் பேசுறது கேக்கவே இல்லையா?”

“கேக்குதுக்கா. உள்ள போகல. இந்த ஒரு மணி நேரம் எனக்கு யாரும் வேண்டாம். நீன்னு இல்ல. யாருமே.”

“அழுத்தக்காரி. முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?” அக்கா எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த நாள் அக்கா வரவில்லை. இவள் இருட்டில் உட்கார்ந்தாள். அறையிலிருந்து, இருமலைத் தலையணையில் அடக்கும் சத்தம் வந்தது. விழித்துத்தான் கிடக்கிறாள். வருத்தம் வர வேண்டும் என்று இவளுக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. எழுந்தும் போகவில்லை.

ஆறு மணிக்குக் கதவைத் தட்டினாள். தலை வாரி, புடவை மாற்றியிருந்த அக்கா கொட்டாவி விட்டபடி வெளியே வந்தாள்.

“அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்டி.”

“ம்,” என்று சொல்லிவிட்டு இவள் குளிக்கப் போனாள்.