பால் நிறமா, ஒலிவப் பச்சையா

சமீஹா அம்மாள் மீன் வாங்கினால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், பிறகு மீன்காரன் முகத்தை. அலெக்சாந்திரியாவில் எங்கள் தெருவுக்கே துணி தைத்துக் கொடுத்து, கணவன் போனபின் ஒரே மகள் நிஹாலை வளர்த்தவள். நிஹாலுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. சுவர் ஈரம் என்று இரண்டு வாடகை வீடுகளைக் காலி செய்தாள் சமீஹா. மாப்பிள்ளை வீட்டுச் சுவர் ஈரம் என்று இரண்டு சம்பந்தங்களையும் தட்டிவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவன் வக்தி. எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டைத் தயார் செய்வது மாப்பிள்ளை பொறுப்பு. நிறத்தைப் பெண் வீட்டார்தான் முடிவு செய்வார்கள். சுவரைத் தேய்த்து பிரைமரும் அடித்து வைத்துவிட்டுத்தான் வக்தி பெயிண்டரான என்னைக் கூப்பிட்டான். படுக்கையறைச் சுவரில் வழக்கம்போல் கண் உயரத்தில் பால் நிறம் ஒரு திட்டு, ஒலிவப் பச்சை ஒரு திட்டு அடித்துக் காட்டினேன்.

“பச்சையே இருக்கட்டும் அத்தை, கண்ணுக்குக் குளிர்ச்சி,” என்றான் வக்தி.

“கல்யாண வீட்டுல எவனாவது இருட்டைப் பூசுவானா?” சமீஹா கட்டில் வரப்போகும் மூலையில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள். “உப்பு.”

“இந்த ஊர்ல எந்தச் சுவரை நக்கினாலும் உப்புதான். கடல் பக்கத்துல இருக்கே.”

“கடல் ஜன்னல் பக்கம் இருக்கு மாப்பிள்ளை. இது குளியலறைப் பக்கம்.” என்னிடம் திரும்பினாள். “மேஸ்திரி, ரெண்டு நிறத்தையும் இங்க முழங்கால் உயரத்துல அடிங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, நிஹாலும் சேர்ந்துகொள்ள எல்லோரும் போனோம். பச்சையில் எதுவும் தெரியவில்லை. பால் நிறத்தின் அடியில் டீக்கறை போல ஒரு வளையம்.

“நல்ல குளிர்ச்சிதான்,” என்றாள் சமீஹா. “தெரிஞ்சேதான் பச்சை கேட்டியா? என் பொண்ணு மூச்சு முட்டிக் கிடக்கட்டும்னா?”

வக்தி நிஹாலைப் பார்த்தான். அந்தப் பார்வை போன இடத்துக்கே சமீஹாவும் திரும்பினாள்.

“நான்தாம்மா பச்சை கேக்கச் சொன்னேன்,” என்றாள் நிஹால். “ஈரம்னு தெரிஞ்சா இதையும் தட்டிவிட்டுடுவே. கசியுற குழாயைக் கல்யாணத்துக்கு அப்புறம் மாத்திக்கலாம்னு இருந்தோம்.”

சமீஹா குனிந்து அந்த வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“மேஸ்திரி, பூச்சை உடைங்க. குழாய் மாத்தி, காய்ஞ்சப்புறம் பால் நிறமே அடிங்க. திரும்ப ஈரம் வந்தா என் கண்ணுல படணும்.”

“அப்போ கல்யாணம்?” வக்தி மெல்லக் கேட்டான்.

“சுவர் காயட்டும், நடக்கும். ரெண்டு பேரும் வேற என்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றாள் நிஹால்.

சமீஹா தலையாட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய், கழுவும் தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள்.