அந்தப் பிள்ளை சொல்லவே இல்லை

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குடும்பம் இருந்த இடத்தை விட்டு வெளியேறியதற்குக் காரணம் நான். அவள் சொன்னதாக ஊரே நம்புகிற ஒரு வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. சொன்னது நான். சொல்லிவிட்டு, பழி அவள் தலையில் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று நீங்கள் எழுந்து போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்று கேட்டால்... சந்தோஷத்தில் நடந்தது! கோபத்தில் இல்லை, வெறுப்பில் இல்லை. அந்த நாட்களைப் போல நான் அதற்கு முன்பும் பின்பும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்போது நான் காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்திப் பழகுவதற்காக, கோட்டையூரைத் தாண்டி இருக்கும் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் வயல்காட்டு மனிதர்கள். சேலை கட்டி, மடிப்புக்கு ஊக்கு குத்தி, கையில் பையோடு டவுன் பஸ்ஸில் ஏறிய முதல் ஆள் நான்தான். கண்டக்டர், "டீச்சர், உள்ள தள்ளி நில்லுங்க" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே நான் பாதி டீச்சராகிவிட்டேன்.

வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் டீச்சர்" என்பதை ஒரு பாட்டுப் போல இழுத்துச் சொன்னார்கள். யாருக்குச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. எனக்குத்தான்! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பாருங்கள், எதைச் சொல்ல வந்தேன், எதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்... அதுதான் என் வியாதி.

எனக்கு ஒன்றும் தெரியாது. கரும்பலகையில் எழுதினால் வரி மலையேறும். ஒருவன் ஆடுகிற பல்லைக் காட்ட வருவான், அவனைப் பார்ப்பதற்குள் இரண்டு பேர் சாக்பீஸ் டப்பாவுக்காக முடியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண் குழந்தை தவறுதலாக என்னை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. தொண்டை கட்டிப்போகும், கால் வலிக்கும். ஆனாலும் சேலையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை வீடு வரைக்கும் நான் தட்டியதே இல்லை. ஊரார் பார்க்க வேண்டாமா?

அந்த வகுப்பில் தர்ஷினி என்று ஒருத்தி இருந்தாள். வருகைப் பதிவுக்குப் பெயர் சொன்னால் கையை மட்டும் தூக்குவாள். வாய் திறக்க மாட்டாள். பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, முதல் நாளே சொல்லிவிட்டார்: "அவ பேச மாட்டாம்மா. நீ அவகிட்ட மெனக்கெட்டா உள்ள நேரமும் போயிரும்."

தர்ஷினியின் அப்பா அந்த ஊரின் பெரிய வீடு ஒன்றுக்குக் காவல். வீட்டுக்குச் சொந்தக்காரரான அம்மாள், ஊரார் வாயில் 'ஆச்சி', குடும்பத்தோடு சென்னையில் இருந்தார். கல்யாணம், கோயில் காரியம் என்றால்தான் வீடு திறக்கும். பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறை ஒன்றில் இவர்கள் மூன்று பேரும் இருந்தார்கள். கூட்டிப் பெருக்குவதற்காகச் சாவி அவரிடம் இருக்கும். ஆனால் உள்ளே புழங்கக் கூடாது என்பது கண்டிப்பு.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பச்சைக் காலுறை ஒன்றில் கிளி செய்து கொண்டுபோனேன். சிவப்புத் துணியில் மூக்கு, சட்டைப் பொத்தானில் கண். கையை உள்ளே விட்டு ஆட்டினால் வாய் திறந்து மூடும். பிள்ளைகளே அதற்குக் 'கீச்சு' என்று பெயர் வைத்தார்கள். கூச்சப்படும் பிள்ளைகள் கீச்சுவின் காதில் பதிலைச் சொல்ல வேண்டும், கீச்சு அதை வகுப்புக்குச் சத்தமாகச் சொல்லும். இதுதான் விளையாட்டு. வகுப்பு தலைகீழாகிவிட்டது! மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூலையில் கிடந்ததெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

ஒருநாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். நான் கீச்சுவுக்குப் பிரிந்துபோன தையலைப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று கையில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, அதன் காதில் பேசினாள். பேசினாள்!

"ஒன்ன மாதிரி ஒரு கிளி ஆச்சி வீட்ல இருக்கு. மேல மச்சுல, உத்தரத்துக்கு உள்பக்கமா வரஞ்சிருக்கு. ஆச்சி கட்டில்ல மல்லாக்கப் படுத்தாத்தான் தெரியும்."

கீச்சுவின் குரலில் கேட்டேன்: "நீ எப்புடிப் பாத்த?"

"மழை பேஞ்சா எங்க ரூம்பு ஒழுகும். அப்பா உள்ள கூட்டிட்டுப் போவாரு. அவுக ரெண்டு பேரும் கீழ படுப்பாக. நான் மட்டும் கட்டில்ல." பிறகு இன்னும் நெருங்கி வந்தாள். "யார்ட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா எங்கள வெளிய அனுப்பிருவாகன்னு அம்மா சொல்லுச்சு."

கீச்சு பெரிதாகத் தலையாட்டியது. "சொல்லவே மாட்டேன்."

அன்றைக்கு நான் பஸ்ஸில் உட்காரவில்லை, இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை! யாராலும் பேசவைக்க முடியாத குழந்தை என்னிடம் பேசிவிட்டாள். என்னிடமா, கிளியிடமா? அந்த வித்தியாசத்தை நான் அப்போது யோசிக்கவில்லை.

பயிற்சி நிறுவனத்திலிருந்து விரிவுரையாளர் அம்மா என் வகுப்பைப் பார்க்க வந்தார். மதிப்பெண் போடப் போகிறவர் அவர்தான். வாசலிலேயே நான் அளந்துவிட்டேன்: "மேடம், கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளை யாரிடமும் பேசாது. இன்றைக்குப் பாருங்கள்." பெரிய டீச்சர் பாடத்தைக் கைப்பேசியில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றார். பள்ளிக்கு டிவி வாங்கிக் கொடுத்த ஆச்சிக்கு அவ்வப்போது இப்படி ஏதாவது அனுப்புவது அவர் வழக்கம். அந்த ஆச்சியின் வீட்டுக்குத்தான் தர்ஷினியின் அப்பா காவல்.

பாடம், என் வீடு. "நீ எங்கே தூங்குவாய்?" என்று கீச்சு கேட்டது. ஒவ்வொருவராக வந்து காதில் சொன்னார்கள். பாய், தொட்டில், அம்மா பக்கத்தில், மொட்டை மாடியில்... கீச்சு ஒவ்வொன்றையும் ராகத்தோடு அறிவித்தது. வகுப்பு குலுங்கியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது தர்ஷினி தானாகவே கையைத் தூக்கினாள். நான் கூப்பிடவில்லை, ஆணையாகச் சொல்கிறேன்! எழுந்து எல்லோர் முன்னாலும் நடந்து வந்தாள். கிளியின் காதில் மெல்லச் சொன்னாள்.

"பின்னாடி ரூம்புல. அம்மா பக்கத்துல."

அவ்வளவுதான். அதுவே போதாதா? ஒரு வார்த்தை பேசாத பிள்ளை வந்து பதில் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டு ரகசியத்தையும் விட்டுக்கொடுக்காமல், பொய்யும் சொல்லாமல், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் எனக்கு அது சப்பென்று இருந்தது. 'அம்மா பக்கத்தில்' என்று அதற்குள் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். நான் மேடத்திடம் அளந்துவிட்டது வேறு. என் நாக்கு நுனியில் அந்தக் கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கீச்சு வாயைத் திறந்தது. "தர்ஷினி ராணிக் கட்டில்ல தூங்குறாளாம்! மல்லாக்கப் படுத்தா மச்சுல ஒரு கிளி தெரியுமாம்! என்ன மாதிரியே பச்சைக் கிளி!"

வகுப்பு ஓவென்று கத்தியது. கைதட்டல்! மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. கீச்சுவைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"குழந்தையின் கற்பனையை அழகாகத் தூண்டியிருக்கிறாய்" என்றார் மேடம். கற்பனை! பெரிய டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். இல்லை என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர்.

சாயங்காலம் பெரிய டீச்சர் கேட்டார்: "ஏம்மா, இத அந்த ஆச்சிக்கு அனுப்பவா? பிள்ளைக படிக்கிறதப் பாத்தா சந்தோசப்படுவாக."

அது யாருடைய கட்டில் என்று எனக்குத் தெரியும். 'வெளிய அனுப்பிருவாக' என்று அவள் சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். வந்தது. வந்து என் முன்னால் நின்றது. கூடவே, சென்னையில் இருக்கிறவர்கள் என் பாடத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பும் வந்தது. அதுதான் ஜெயித்தது.

"அனுப்புங்க டீச்சர். எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, ஸ்டேட்டஸ் வைக்கணும்."

ஆச்சி பார்த்தார். அந்தக் கிளி படுத்தால்தான் தெரியும் என்பது, அதில் படுத்தவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? சில நாட்களில் காரைக்குடியிலிருந்து ஆச்சியின் ஆள் ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார். மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

பெரிய டீச்சர் சாப்பிடும்போது சொல்லி வருத்தப்பட்டார். "கதை சொல்றான்னுல்ல நெனச்சேன். இத்தன நாளு வாயத் தொறக்காதவ, தொறந்ததும் இப்புடியா தொறப்பா?"

நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'அவள் சொல்லவில்லை டீச்சர், நானாகக் கட்டிவிட்டேன்' என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஆச்சியிடம் ஒரு போன் போட்டிருப்பார். ஆச்சி நம்பியிருப்பாரோ, மாட்டாரோ... நான் முயற்சிகூடச் செய்யவில்லையே! மதிப்பெண் இன்னும் வரவில்லை. அதே பாடத்தை எங்கள் நிறுவனத்தில் எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்டச் சொல்லியிருந்தார் மேடம். நான் அதற்கு எந்தச் சேலை கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டி.சி. வாங்குவதற்காக அவள் அம்மா வந்தார். திருப்பூருக்குப் போகிறார்களாம். பெரிய டீச்சர் உள்ளே எழுதிக்கொண்டிருக்க, அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தர்ஷினி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இவ நெசமாவே அப்புடிச் சொன்னாளா? நான் சொல்லல, சொல்லலன்னு சாதிக்கிறா. செஞ்சதும் செஞ்சுட்டுப் பொய் பேசுறாளேன்னுதான் அடிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க டீச்சர்."

அவர் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. தன் பிள்ளையை நம்புவதற்கு ஒரு வழி கேட்டு வந்திருந்தார். இருந்த இடம் போய்விட்டது, அது திரும்பாது. ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு 'இல்லை' போதும். ஒரே ஒரு 'இல்லை'!

"சின்னப் பிள்ளைதானேக்கா. விடுங்க, அடிக்காதீக" என்றேன்.

கேட்டீர்களா? எவ்வளவு கனிவான பதில்! அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மகளை ஒரு முறை பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட உள்ளே போனார்.

தர்ஷினி போகவில்லை. மேசை மேல் கிடந்த கீச்சுவைக் காட்டினாள். நான் அதைக் கையில் மாட்டிக்கொண்டேன். அவள் வழக்கம் போலக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சொல்லலைல?"

என் கை அதற்குள் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் கேட்டாளா? எத்தனை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துவிட்டேன், இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் விரல்கள் கிளியின் தலையை 'இல்லை' என்று ஆட்டின. அம்மாவிடம் சொல்லாத 'இல்லை'...

"அப்ப டீச்சர்தான்" என்றாள் அவள் கிளியின் காதில். "இனிமே டீச்சர்ட்ட எதையும் சொல்லாத கீச்சு. அவுக எல்லார்ட்டயும் சொல்லிருவாக."

கீச்சு சரி என்று தலையாட்டியது. அவள் அதன் மூக்கைத் தடவிக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினாள்.

இதோ, உங்களிடமும் சொல்லிவிட்டேன்.