வைரவர் ரோட்டுக்கு வந்த பிறகு

சரவணை ஊரில் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் தோட்டக்காணி, அதற்குப் பின்னால் கடற்சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காடு, அதற்கும் பின்னால் கடல். கடல் ஏறி வராமல் மறித்துக்கொண்டு நின்றது அந்தக் கண்டல்தான். அதனால்தான் எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் எப்போதோ உப்பேறிச் சவராகிவிட்டது. பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் தமக்கை, குடிக்கவும் சமைக்கவும் எங்களிடம்தான் அள்ளுவார். ஒழுங்கையில் பாதிப் பேருக்கும் அதே கிணறுதான்.

காட்டைக் காத்தது யார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கண்டல் தொடங்குகிற இடத்தில் ஒரு சூலம் நட்டிருந்தது. வைரவர். சூலத்துக்கு இந்தப் பக்கம் விழுந்த கொப்பைப் பொறுக்கலாம். அந்தப் பக்கம் கத்தி கொண்டுபோக ஒருத்தருக்கும் துணிவில்லை. வருஷத்தில் ஒருநாள் பொங்கி, வடைமாலை சாத்துவோம். அவ்வளவுதான் செலவு.

பிறகு வெளிநாட்டுக் காசில் ஒரு திட்டம் வந்தது. பட்டணத்திலிருந்து வந்த பொறுப்பாளர் நல்ல பிள்ளை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சூலத்தையும் உள்ளே விட்டு முள்ளுக்கம்பி அடித்தார். ஊர் ஆட்கள் இரண்டு பேரைச் சம்பளத்துக்குக் காவல் வைத்தார். காட்டுக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு. அப்படியென்றால் பொங்கல் எங்கே பொங்குவது? மாதர் சங்கத் தலைவி எங்கள் மச்சாள்தான். கூட்டத்தில் எழும்பினார்.

"வைரவரை ரோட்டுக்கரைக்குக் கொண்டு வருவம். சேத்துக்குள்ள கிடக்கிறார், பாவம்."

எல்லோருக்கும் அது பெரிய பக்தியாகப் பட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சாள், அவர் அங்க நிக்கிறதாலதானே காடு நிக்குது."

"உமக்கு விசரே? இனிக் காவலுக்கு ஆள் இருக்கெல்லோ!"

ஐயர் வந்து சூலத்தைக் கிளப்பி, ரோட்டுக்கரையில் மாபிள் கல் பதித்த கோயிலில் வைத்தார். நல்ல வடிவு, பொய் சொல்லக்கூடாது.

அடுத்த வருஷக் காசு வரவில்லை. போன் எடுத்தால் அந்தப் பிள்ளை, "அக்கா, மேலிடத்தில கதைச்சுக்கொண்டிருக்கினம், வரும்" என்பார். வரும் வரும் என்று காவல்காரர் கொஞ்சக் காலம் சும்மா நின்றார்கள். பிறகு ஒருவர் மேசன் வேலைக்குப் போனார், மற்றவர் கொழும்புக்கு. கடைசியில் அந்தப் பிள்ளைக்கே வேலை போய்விட்டதாம்.

முதலில் கம்பி காணாமல் போனது. பிறகு கத்தி உள்ளே போனது. காஸ் விற்கிற விலைக்கு விறகு வேண்டும்தானே! ஒருநாள் வெட்டுச் சத்தம் கேட்டு, கொதித்துக்கொண்டு ஓடினேன். சேற்றில் நின்று கொத்திக்கொண்டிருந்தது மச்சாள்.

"நீங்களுமா மச்சாள்?"

"கத்தாதையும். இப்ப அங்க ஆர் இருக்கினம்? திட்டமும் இல்லை, வைரவரும் இல்லை. நான் வெட்டாட்டி மற்றவன் வெட்டிக்கொண்டு போவான்."

ஐயரிடம் போனேன். வைரவரைத் திருப்பி வையுங்கோ என்று கெஞ்சினேன். "குடியிருத்தின தெய்வத்தை நினைச்ச நேரம் கிளப்ப ஏலாது பிள்ளை" என்றுவிட்டார். வந்த ஆத்திரத்தில் கொல்லனிடம் ஒரு சூலம் அடிப்பித்து, பழைய இடத்தில் நானே நட்டேன். ஒருத்தரும் பயப்படவில்லை. "அது உம்மட சூலம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

கார்த்திகையில் புயல் அடித்தது. மறிக்க மரமில்லை; கடல் தோட்டத்தைத் தாண்டிக் கிணற்றடி வரை வந்து நின்றது. கடல் தண்ணீர் வற்றியதும் மச்சாள் குடத்தோடு வந்தார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தார். துப்பினார்.

"கரிக்குது" என்றார்.

நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வாளியைத் திரும்பவும் கிணற்றுக்குள் விட்டார். கேட்க முடியவில்லை.

"இறைச்சுப் பாப்பம், சரி வரும்" என்றார். கரண்ட் இல்லை, மோட்டர் போட வழியில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் கையாலேயே இறைத்தோம். பொழுதுபடும் நேரம் கிணற்றின் அடி தெரிந்தது. ஊற்று மெல்லக் கசிந்து வந்தது. மச்சாள் குடிக்க மாட்டேன் என்று நின்றார். நான்தான் இறங்கி வாயில் வைத்துப் பார்த்தேன். அதுவும் உப்பு.