முளைக்காத பாத்தி

ஆள் நீளத்துக்கு ஒரு பாத்தி. கருப்பு மண், அதன்மேல் மெல்லிசாகப் பரப்பிய வைக்கோல். என் தங்கச்சி காலையில் போடியிலிருந்து வருகிற ஜீப்பை விட்டு இறங்கியதும் சோற்றுத் தூக்கைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அங்கே போவாள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் வைக்கோலை விலக்கிப் பார்ப்பாள். பிறகு விலக்கினது தெரியாதபடி மூடிவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவாள். இரண்டு மாதத்துக்கும் மேல் அப்படிப் பார்த்தாள். அந்தப் பாத்தியில் ஒன்றும் முளைக்காது என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். விறகு அடுப்பின் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் வரும். அடுக்கடுக்கான தட்டுகளில் காயைப் பரப்பி, ஒரு பகலும் ஒரு இரவும் அந்தச் சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் அதே தோட்டத்தில்தான் வேலை பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு, செடிக்கு வெயில் படும்படி மரம் ஏறி நிழல் குறைக்கிற வேலை. ஒரு மே மாதம் மழைக்கு முன்னால் கிளை கழிக்கும்போது பிடி நழுவிக் கீழே விழுந்தார். ஜீப்பில் போட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. அவர் தலை என் மடியில்தான் இருந்தது. தங்கச்சிக்கு ஒரே மகள், அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஆறுதல் சொல்வதற்கு எங்களிடம் வார்த்தைகளுக்குக் குறைவில்லை. நானும் சொன்னேன். வேதத்தைவிடத் தோட்டத்து உதாரணம் அவளுக்குச் சுளுவாகப் புரியும் என்று நினைத்து, ஏலச்செடியைச் சொன்னேன். கோடையில் தட்டையெல்லாம் காய்ந்து சருகாகப் போனாலும் மண்ணுக்குள்ளே கிழங்கு பச்சையாக இருக்கும், ஒரு மழை விழுந்ததும் துளிர்க்கும், உயிர்த்தெழுதலும் அப்படித்தான் என்றேன். அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போதகர் வீட்டுக்கு வந்தால் காப்பி போட்டுக் கொடுப்பாள், அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்ததும் எழுந்து துணி எடுக்கப் போய்விடுவாள்.

மாப்பிள்ளை எங்கிருந்தோ ஒரு ஏலச்செடி கொண்டுவந்து ஓடையோரச் சரிவில் வைத்திருந்தார். அது பெரிய தூராகி, சரம் சரமாகக் காய்க்கும். அவர் போன பிறகு தங்கச்சியை நாற்றங்கால் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஐப்பசியில் அந்தத் தூரிலிருந்து நன்றாகப் பழுத்த காயாகப் பார்த்துப் பறித்தாள். விதையைப் பிதுக்கி, கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துவதற்குத் துணியில் பரப்பினாள். அந்த வாரம் மழை விடவே இல்லை. மூன்றாம் நாள் ஓடையோரம் மண் சரிந்து, மாப்பிள்ளை வைத்த தூர் வேரோடு போய்விட்டது. அவர் கைபட்டதில் மிச்சம் இருந்தது அந்தத் துணியில் இருந்த ஒரு பிடி விதைதான். அதுவும் உலராமல் பூசணம் பிடிக்கிற பக்குவத்தில் இருந்தது.

"அண்ணே, ஒன் ஸ்டோர்ல செத்த நேரம் வையேன். காத்தாடுனாப் போதும்" என்று முடிச்சாகக் கட்டிக் கொடுத்தாள்.

நாற்று விதையைச் சூட்டில் காட்டக் கூடாது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்போது அடுப்பு பற்றவைக்கவில்லை, அறை லேசான வெதுவெதுப்பில் இருந்தது. உள்ளே மேல் கொக்கியில் முடிச்சை மாட்டினேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் ஒரே சமயத்தில் இரண்டு லோடு காய் வந்தது. தட்டில் பரப்பி, கதவைச் சாத்தி, அடுப்பை மூட்டினேன். விதை முடிச்சு என் நினைப்பிலேயே இல்லை.

மறுநாள் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். முடிச்சு கையில் சுட்டது. பிரித்தேன். விதை நேற்றுப் போலவே சாம்பல் பூசிக் கருகருவென்று இருந்தது. வாசம் மட்டும் கூடியிருந்தது. நான் அதை ஆறவைத்து, திரும்பக் கட்டி, தங்கச்சி கையில் கொடுத்தேன். "நல்லா உலந்துருச்சு" என்றேன். விதை வெந்து செத்துவிட்டது என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவள் முகத்தில் ஐந்து மாதமாகக் காணாத ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததும் என் வாய் அடைத்துப்போனது.

ஏல விதை முளைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். பக்கத்துப் பாத்திகளில் ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. இவள் பாத்தி அப்படியே கிடந்தது. கங்காணி வாய்த்துடுக்கான மனிதர். "ஆத்தா, வைக்கோலுக்குத் தண்ணி ஊத்தி வளக்குறியாக்கும்? அடுத்த வருசம் கதிர் அறுக்கலாம்" என்பார். "ஒங்க மாட்டுக்குத்தேன் அண்ணே வளக்குறேன், வந்து மேயச் சொல்லுங்க" என்று இவளும் விடமாட்டாள். அவர்கள் சிரிக்கும்போது நான் ஸ்டோருக்குள் போய்விடுவேன். ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, ஒரே ஒரு முளையாவது வரட்டும் என்று கேட்டேன். என் பொய்யைக் காப்பாற்றத்தான் அற்புதம் கேட்கிறேன் என்று அப்போது எனக்குப் படவில்லை.

கிறிஸ்துமஸ் போய்ப் புதுவருஷமும் பிறந்தது. ஒரு மத்தியானம் நாற்றங்கால் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் தூக்கை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, என் தலைல அடிச்சுச் சொல்லு. இது மொளைக்குமா?"

சொல்லிவிட்டேன். கொக்கி, லோடு, கையில் சுட்டது, எல்லாம் சொன்னேன்.

"பாயாசத்துக்குப் போடுற பக்குவத்துல கொண்டாந்து குடுத்துட்டு, வெதைன்னு சொன்னியாக்கும்" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அது பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பேசியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"வெதை வெந்தது தப்பில்லண்ணே. மறதி எல்லாருக்கும் வரும். செத்துப்போச்சுன்னு சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளு ஆச்சு பாரு, அதுதேன். அவரு விசயத்துலயும் நீ அப்படித்தேன் செஞ்ச. கெழங்கு பச்சையா இருக்கும், துளுக்கும்னு சொன்ன. அவருக்கு எங்கண்ணே கெழங்கு இருக்கு? ஒன் மடியிலதான போனாரு. ஒருத்தராச்சும் என் பக்கத்துல உக்காந்து, ஆமா ஆத்தா, ஒம் புருசன் செத்துட்டான்னு சொன்னீங்களா? தூங்குறாரு, போயிருக்காரு, துளுப்பாருன்னே சொன்னீங்க. நான் மட்டும் தனியா நின்னு அவரு செத்துட்டாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அவளே, பெத்தானியாவில் நாலு நாள் கல்லறையில் கிடந்த மனிதரை ஆண்டவர் எழுப்பின வேதக் கதையை எடுத்தாள். "கல்லைப் பொரட்டச் சொன்னப்ப, இப்ப நாறுமே ஆண்டவரேன்னு செத்தவரு கூடப்பொறந்தவ சொன்னாள்ல. அவதேன் உள்ளதைச் சொன்னவ. ஆண்டவரு அவளைக் கோவிச்சு அனுப்பலையே. நாறுற எடத்துல நின்னுதான கூப்புட்டாரு." பிறகு பூவாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அடுத்த பாத்தியில் ஊற்றினாள். "வெந்ததை மொளைக்க வைக்க முடிஞ்சவரு இருந்தா, அவரு எனக்குப் போதும். கெழங்கைத் துளுக்க வைக்க மழையே போதும்ண்ணே, சாமி எதுக்கு?"

அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் மலை இறங்கும்போது நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேதத்தை முதல் தடவையாக வாசித்தது போல இருந்தது. சிலுவையில் கிறிஸ்து மயங்கவில்லை, மரித்தார். அவருக்குள்ளே ஒளிந்திருந்த ஏதோ ஒரு மிச்ச உயிர் மூன்றாம் நாள் துளிர்க்கவில்லை. மிச்சமே இல்லாத இடத்தில் பிதா உயிரைக் கொடுத்தார். இதைச் சின்ன வயசிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறேன். கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தப் பாத்தியில் கடைசிவரை ஒன்றும் முளைக்கவில்லை. தங்கச்சியே மண்வெட்டி எடுத்துக் கொத்திப் புரட்டி, வேறு விதை போட்டாள்.

எங்கள் போடியில் ஈஸ்டர் அன்று விடியுமுன்னே சபையார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, மலைக்கு மேலே வெளுக்கிறவரைக்கும் பாடுவோம். அந்த வருஷம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கச்சி வந்தாள். பாட்டில் சேரவில்லை. மாப்பிள்ளையின் கல்லறை மண்ணில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று போதகர் உரக்கச் சொன்னார், மெய்யாகவே உயிர்த்தெழுந்தார் என்று நாங்கள் பதில் சொன்னோம். எல்லோரும் சொல்லி ஓய்ந்த பிறகு, கீழேயிருந்து அவள் குரல் தனியாக வந்தது. அதே பதிலை மெதுவாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தாள். மகளைப் படிக்கவைத்துத் தேவாரம் ஊரில் கட்டிக்கொடுத்தாள். போன தை மாதம், நான்கு மாதம் படுக்கையில் கிடந்து, அவளும் போய்விட்டாள். நான் இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். அடக்க வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்து, தூங்குறாப்லயே இருக்கு என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவள் மகள், என் மருமகள், பெட்டிக்குத் தலைமாட்டில் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள்.

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பழைய வழக்கத்தில் தோட்டத்து உதாரணம் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"அம்மா செத்துட்டாங்கம்மா" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"செத்துட்டாங்க. ஆண்டவரு எழுப்புவாரு."

அப்போதுதான் அவள் என் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.